திங்கட்கிழமை மார்க்

கிர்ர்ர்ரீச்!

படிப்பறை மூலையில் தொங்கிய ஒலிபெருக்கி கத்திய கத்தலில் நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். சத்தம் அடங்கியதும் பயிற்சி மைய இயக்குநர் கண்ணாயிரத்தின் குரல் வந்தது.

“தீக்ஷா பார்சுவநாதன், உடனே ஆபீஸ் ரூமுக்கு வா. அப்பா வந்திருக்காரு.”

தீக்ஷாவின் பேனா பாதி எழுத்தில் நின்றது. சனிக்கிழமை, காலை பதினொரு மணி. ஊரில் மல்லாட்டை பிடுங்கும் நேரம். செடியோடு கடலையைப் போட்டுவிட்டு அப்பா தானாகக் கிளம்பி வருகிற ஆள் இல்லை. வரவழைத்திருக்கிறார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்த தென்றல் கிசுகிசுத்தாள். “போச்சுடி. உன்னையும் க்யூட் பேட்ச்சுக்குத் தள்ளப் போறாரு. நேத்து கீழ் ரூம் சௌம்யாவுக்கும் இப்படித்தான் மைக் அலறுச்சு.”

“வாயைக் கழுவுடி.”

“என் வாயைக் கழுவினா உன் ஆவரேஜ் ஏறிடுமா?”

தீக்ஷா பேனாவை மூடிவைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். மேல் மாடி விடுதி, நடுவில் வகுப்புகள், கீழே சமையற்கட்டு. நீட் தேர்வை ஒருமுறை எழுதி, மயிரிழையில் மருத்துவ இடத்தைக் கோட்டைவிட்டு, மறுபடியும் எழுத வந்த பெண்கள்தான் அத்தனை பேரும். தீக்ஷா கோட்டைவிட்டது பதினோரு மார்க்கில். பதினோரு மார்க் என்றால் மூன்றே மூன்று கேள்வி. அந்த மூன்று கேள்விகளும் எவையென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

ஆபீஸ் அறையில் அப்பா பார்சுவநாதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நசுங்கி வந்ததில் சட்டை கசங்கிப்போயிருந்தது. அவருக்கு எதிரே கணினித் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணாயிரம்.

“உக்காரும்மா. நயினார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீயும் ஒரு தடவை பார்த்துடு.” தமிழ்ச் சமணர்களை அந்தப் பக்கத்தில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

திரையில் ஒரு சிவப்புக் கோடு ஏறியும் இறங்கியும் ஓடியது. அஞ்சு வாரமாக ஞாயிறு தவிர தினமும் சாயங்காலம் நாலரை முதல் ஏழரை வரை மாதிரித் தேர்வு. எழுநூற்று இருபதுக்கு இவள் வாங்கிய மார்க்குகளின் வரைபடம் அது.

“ஆவரேஜ் நானூத்தி எண்பத்திரண்டு. ஐந்நூறுக்குக் கீழ போனா நம்ம ரேங்க் பேட்ச்ல வெச்சுக்கிறதில்ல. இது இவளுக்காகப் போட்ட சட்டம் இல்ல நயினார், எல்லாருக்கும்தான். போன வருஷம் பதினோரு மார்க்ல விட்ட பொண்ணு, இந்த வருஷம் ஏறணுமா இல்லையா? இறங்கிட்டிருக்கா. ஃபிசிக்ஸ் சுத்தமா வரல. கடைசி நாப்பத்தஞ்சு கேள்வியில கை நின்னுடுது.”

பார்சுவநாதன் மகளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்தாள்.

“க்யூட்னா சென்ட்ரல் யூனிவர்சிட்டிங்கல்ல சேர்றதுக்கான பரீட்சை. பாண்டிச்சேரியிலயோ திருவாரூர்லயோ நல்ல பி.எஸ்ஸி சீட் கிடைக்கும். இவ மூளைக்கு அது கண்டிப்பா வரும்.”

“ரெண்டு பரீட்சையும் எழுதினா ஆகாதுங்களா?” என்றார் பார்சுவநாதன் தயங்கி.

“எழுதலாம். யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா அதுல இங்கிலீஷ் தனி, பொது அறிவு தனி, கேள்வி கேக்குற விதமே வேற. அதுக்கு வேற கிளாஸ், வேற டைம். ரெண்டையும் தொட்டா ரெண்டும் அரைகுறையா நிக்கும். நாளைக்கு ராத்திரியோட அப்ளிகேஷன் முடியுது. காலைல பத்து மணிக்குள்ள இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, திங்கட்கிழமையே அந்த பேட்ச்ல உக்கார வெச்சுடுறேன்.”

ஒரு தாளை அப்பாவின் பக்கம் நகர்த்தினார். அப்பா அதைத் தொடவில்லை.

“உனக்கு என்னம்மா தோணுது?”

“தெரியலப்பா.”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. நீட்டா, வேறா என்று ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அந்தத் தாள் அவளுக்கு மெத்தை மாதிரித் தெரிந்தது. கையெழுத்தானால் இன்று சாயங்காலத் தேர்வு கிடையாது. கடைசி ஒரு மணி நேரத்தில் எழுத்துகள் எறும்பாக ஊர்வதைப் பார்க்க வேண்டாம். ஒருநாள் வரிசையை மாற்றி, ஃபிசிக்ஸை முதலில் எழுதிப் பார்த்தாள். அன்றைக்கு ஃபிசிக்ஸ் நன்றாக வந்தது. கடைசியில் எழுதிய பயாலஜி கவிழ்ந்தது. மூணாம் வகுப்பிலிருந்து மனசுக்குப் பிடித்த பயாலஜியும் போய்விட்டதே என்று அன்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை.

“நாளைக்குக் காலைல சொல்றோங்க” என்று எழுந்தார் பார்சுவநாதன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. சமையற்கட்டு சந்திரம்மாளின் ராஜ்ஜியம். வெங்காயம் போடுவதற்கு முன்னாலேயே, அதைத் தொடாத தீக்ஷாவுக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் சாம்பாரை எடுத்து வைத்துவிடுகிற புண்ணியவதி. அன்றைக்கு அந்தக் கிண்ணம் கொஞ்சம் பெரிதாக இருந்தது, நயினாரும் வந்திருக்கிறாரே.

“இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோங்க நயினாரே. உங்க பொண்ணு மாதிரி கொறிக்காதீங்க.”

“எம்பொண்ணு நல்லா சாப்பிடுவாளேம்மா?”

“ஞாயித்துக்கிழமை சாப்பிடும், நான் இல்லங்கல. அஞ்சரைக்கு வந்து நிக்கும் பாருங்க, எட்டு தோசை! கல்லை ஆறவிடாது. மத்த நாளு ராத்திரி தட்டையே எடுக்கறதில்ல. முன்னெல்லாம் தெனம் அஞ்சரைக்கு வரும், சுடச்சுடப் போட்டுக் குடுப்பேன். எப்ப இந்த சாயங்கால டெஸ்ட்டு ஆரம்பிச்சாங்களோ, அதோட நின்னுபோச்சு.”

பார்சுவநாதன் இயல்பாகச் சிரித்தார். “பொழுது சாஞ்சா நாங்க எதையும் வாயில வைக்க மாட்டோம்மா. எங்க வழக்கம் அப்படி.” அடுத்த கவளத்தை உருட்டின கை அப்படியே நின்றது. “தீக்ஷா, டெஸ்ட்டு எத்தனை மணிக்கு விடுவாங்க?”

“ஏழரைப்பா.”

“அப்போ ராத்திரிச் சாப்பாடு?”

தீக்ஷா ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா தெனம் போன்ல கேக்குறாளே, சாப்பிட்டியான்னு?”

“சாப்பிட்டேன்னுதான் சொன்னேன். மத்தியானம் சாப்பிட்டேனே!”

“நாலு மணிக்கு ஏதோ குடுக்குறாங்கன்னு சொன்னியே?”

“வெங்காய பஜ்ஜிப்பா. டீ மட்டும் குடிப்பேன்.”

ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் வீட்டில் பசி என்பது நோயில்லை, ஒரு பழக்கம். அம்மா குசுமாவதி அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் தண்ணீரோடு நாளை ஓட்டிவிட்டு, வயலுக்கும் போய்வருவாள். தீக்ஷாவே பதினாலு வயதில் பத்து நாள் நோன்புப் பர்வத்தில் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து காட்டி, ஊர் ஜினாலயத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டு வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு எம்மாத்திரம்? மே மாசப் பரீட்சை வரைக்கும்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் போகிறது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். அதற்கப்புறம் அதை நினைக்கவும் இல்லை.

ஆனால் இப்போது சந்திரம்மாள் சொன்ன எட்டு தோசை மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு தோசை. சரி. திங்கட்கிழமை?

“இருங்கப்பா, வந்துடுறேன்.”

கையைக் கழுவியும் கழுவாமலும் மாடிக்கு ஓடினாள். மார்க்குகளைக் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்துப் பின்பக்கத்தில் ஆறு கட்டங்கள் போட்டாள். தேதி வாரியாக இருந்ததைக் கிழமை வாரியாகப் பிரித்து எழுதினாள்.

திங்கட்கிழமைகள்: 571, 583, 566, 590, 581.

செவ்வாயில் ஐம்பது குறைந்தது. புதனில் இன்னும் நாற்பது. அப்படியே படிப்படியாக இறங்கி, சனிக்கிழமைகளுக்கு வந்தபோது: 402, 391, 417, 388.

ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. கண்ணாயிரத்தின் சிவப்புக் கோட்டில் ஏறியதும் இறங்கியதுமாகத் தெரிந்தது, உண்மையில் அஞ்சு தடவை ஒரே படிக்கட்டு.

கட்டிலில் படுத்திருந்த தென்றலை உலுக்கினாள். “ஏய், திங்கட்கிழமை பேப்பர் எப்படிடி இருக்கும்?”

“எதுக்கு அதை ஞாபகப்படுத்துற? அன்னிக்கு மட்டும் எனக்குக் கண்ணுல தண்ணி வரும்.”

“ஈஸியா இருக்காதா? நான் ஈஸின்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!”

“ஈஸியா? கொழுப்புடி உனக்கு!” என்று தலையணையை வீசினாள் தென்றல். “ஆறு நாள்லயே அதுதான் கொடூரம்.”

தலையணை முகத்தில் பட்டு விழுந்தது. தீக்ஷா அதை எடுக்கவில்லை. நோட்டோடு மறுபடி கீழே ஓடினாள்.

அப்பா நோட்டை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை விரல் வைத்துப் பார்த்தார். மண்ணைப் பார்த்துத் தண்ணீர் விடுகிற மனிதர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வெறும் வயித்தோட எழுதியிருக்க.”

“ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட சாப்பாட்டை சனிக்கிழமை வரைக்கும் ஓட்டியிருக்கேன்ப்பா. ஆனா இது சரியா தப்பான்னு இன்னிக்குப் பார்த்துடலாம். இன்னிக்கு சனிக்கிழமை. என்னோட மோசமான நாள்.” சந்திரம்மாளின் பக்கம் திரும்பினாள். “அக்கா, இன்னிக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாட்டை நாலு மணிக்கே தர்றீங்களா?”

“நாலு மணிக்கா? நாலு மணிக்கு நான் நாப்பது பேருக்கு பஜ்ஜி போடணும் பாப்பா. எனக்கென்ன நாலு கையா?”

“ரெண்டு கை நான் தரேம்மா” என்று பார்சுவநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“நயினாருக்கு பீன்ஸ் நறுக்கத் தெரியுமா?”

“விளைவிக்கத் தெரியும். நறுக்கறதும் வந்துடும்.”

வந்தது, ஆனால் ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. சந்திரம்மாள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “பொங்கல் வேணாம், தூங்கி வழிவ” என்று அவளே தீர்மானித்து, அரிசி ரவையில் பீன்ஸ் போட்டு உப்புமா கிளறினாள். கூடவே கெட்டித் தயிர், வாழைப்பழம். அப்பா துணிப்பையிலிருந்து வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை இரண்டை எடுத்துத் தட்டோரம் வைத்தார். நாலு அடிக்கும்போது தீக்ஷா முதல் வாய் வைத்தாள். நாலே கால் வரைக்கும் தலை நிமிரவில்லை.

நாலு இருபதுக்குத் தேர்வறைக் கதவை மூடிவிடுவார்கள். நாலு பத்தொன்பதுக்கு அவள் வாயைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றாள்.

கண்ணாயிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “திங்கட்கிழமை பேட்ச் மாறப் போற. இன்னிக்கு எழுதித்தான் ஆகணும்னு இல்லம்மா.”

“எழுதுறேன் சார்.”

நாலரைக்கு வினாத்தாள் கைக்கு வந்தது. முதலில் பயாலஜி, பிறகு கெமிஸ்ட்ரி. வழக்கம்போல அவை ஓடின. ஆறேகால் மணிக்கு ஜன்னலுக்கு அப்பால் மலைக்குப் பின்னே வெயில் இறங்கியது. யாரோ குழல்விளக்கைப் போட்டார்கள். தினமும் இந்த நேரத்தில்தான் அது ஆரம்பிக்கும். முதலில் விரல் நுனி சில்லிடும். அப்புறம் ஒரே வரியை மூன்று தடவை படிக்க வேண்டிவரும். நாலாவது தடவையில் எறும்புகள் ஊரத் தொடங்கும்.

தீக்ஷா எறும்புகளுக்காகக் காத்திருந்தாள்.

அவை வரவில்லை. ஃபிசிக்ஸ் முதல் கேள்வி, கப்பியில் தொங்கும் இரண்டு எடை. போட்டாள். அடுத்தது லென்ஸ். போட்டாள். முப்பதாவது கேள்வியில் ஒரு பொறி இருந்தது. அலகை மாற்றிக் கொடுத்து ஏமாற்றப் பார்த்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்றிருந்த ஆசிரியர் விநோதமாகப் பார்த்தார். கடைசி வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அஞ்சு வாரத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்க நேரம்! முதலிலிருந்து புரட்டி இரண்டு தப்பைத் திருத்தினாள்.

பௌர்ணமி முடிந்து திரும்புகிற கூட்டத்தில் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை. பார்சுவநாதன் வேங்கிக்காலிலேயே பங்காளி ஜினேந்திரன் வீட்டில் ராத்திரி தங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் மையத்துக்குள் நுழைந்தபோது, அறிவிப்புப் பலகை முன்னால் பெண்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து தென்றலின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“ஐயோ! ஐந்நூத்தி எழுபத்தொம்பதுடி! ரெண்டாவது ரேங்க்! இது நீதானா, வேற தீக்ஷா யாராவது இருக்காளா?”

சனிக்கிழமையில் 579. தீக்ஷா எண்ணை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். தாள் இன்னும் பிரிண்டர் சூட்டோடு இருந்தது.

“தீக்ஷா!” கண்ணாயிரம் கதவருகே நின்றிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. “உள்ள வா. நயினார், நீங்களும் வாங்க.”

அவர் உட்காரவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

“போன சனிக்கிழமை முந்நூத்தி எண்பத்தெட்டு. இந்த சனிக்கிழமை ஐந்நூத்தி எழுபத்தொம்பது. ஒரு வாரத்துல நூத்தித் தொண்ணூறு மார்க் யாருக்கும் ஏறாது. நேரா கேக்குறேன், பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?”

பார்சுவநாதனின் முகம் சிவந்தது. தீக்ஷா அப்பாவின் கையை மெதுவாகத் தொட்டுவிட்டுப் பேசினாள்.

“தென்றல் சார். அவ மார்க் நானூத்தி நாப்பத்தொண்ணு. அவளைப் பார்த்து எழுதியிருந்தா எனக்கு எப்படி சார் ஜாஸ்தி வரும்?”

“ஆமா சார்!” கதவுக்கு வெளியிலிருந்து தென்றல் கத்தினாள். “நான்தான் அவளைப் பார்த்து எழுதியிருக்கணும், தப்பு பண்ணிட்டேன்!”

“நீ போ அந்தண்ட!” என்று கண்ணாயிரம் கதவைச் சாத்தினார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் தீக்ஷா. “திங்கட்கிழமை பேப்பர் யார் எடுக்குறது?”

“நான்தான். ஏன்?”

“அது கொஞ்சம் ஈஸியா எடுப்பீங்களா சார்?”

கண்ணாயிரம் துள்ளிக் குதிக்காத குறை. “ஈஸியாவா? ஞாயித்துக்கிழமை முழுக்க சோறு தண்ணி இல்லாம உக்காந்து எடுக்குறேன்! போன வாரம் எடுத்த பேப்பரை நானே திருப்பிப் போட்டப்போ ரெண்டு கேள்வி தப்பாப் போச்சு. இந்த மாவட்டத்துலயே அப்படி ஒரு பேப்பர் எவனாலயும் எடுக்க முடியாது!”

“அப்போ இதைக் கொஞ்சம் பாருங்க சார்.”

நோட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். 571, 583, 566, 590, 581. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தன் வினாத்தாள் சுலபம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கஷ்டம் என்றால், அதில் அஞ்சு வாரமும் ஐந்நூற்று அறுபதுக்குக் குறையாமல் வாங்கியவளை எப்படி மட்டம் என்பது? அவர் விரல் திங்களிலிருந்து சனி வரைக்கும் நகர்ந்து, திரும்பி வந்து, மறுபடி நகர்ந்தது.

“என்னம்மா இது?”

“அவ சாப்பிடலைங்க” என்றார் பார்சுவநாதன். எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்லி முடித்தார்.

கண்ணாயிரம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “மத்தியானம் பன்னெண்டரையிலேருந்து மறுநாள் காலைல எட்டு மணி வரைக்கும் வெறும் டீயா? அஞ்சு வாரமா? ஏம்மா, வாயைத் திறந்து சொல்ல மாட்டியா?”

“சொல்ற விஷயம்னே தோணல சார்.”

கண்ணாயிரம் நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். பிறகு அவர் தொண்டையைச் செருமினார். இப்போது குரல் மாறியிருந்தது.

“சரி. ஆனா நல்லா யோசிச்சுக்கோ. ஒரு டெஸ்ட்டை வெச்சு முடிவெடுக்கக் கூடாது. க்யூட் அப்ளிகேஷன் இன்னிக்கு ராத்திரியோட முடிஞ்சுடும். மே மாசம் நீட்டும் கிடைக்கலைன்னா, ரெண்டும் இல்லாம நிப்ப. இன்னொரு வருஷம் போயிடும்.”

“ஒரு டெஸ்ட் இல்ல சார். ஆறு. அஞ்சு திங்கட்கிழமை, ஒரு சனிக்கிழமை.”

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். “நேத்து தெரியலன்னு சொன்ன. இப்போ?”

“நீட்தான்பா.”

பார்சுவநாதன் அந்த ஃபாரத்தை இரு விரலால் எடுத்து, கண்ணாயிரத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தார். “நீங்களே வெச்சுக்கோங்க சார். வேற யாருக்காவது ஆகும்.”

“ஒரு கண்டிஷன் சார்” என்றாள் தீக்ஷா, கதவு வரைக்கும் போய்த் திரும்பி.

“கண்டிஷன் போடறது நானா நீயா?”

“எனக்கு நாலு மணிக்குச் சாப்பாடு வேணும்.”

சந்திரம்மாள் முதல் இரண்டு நாள் முணுமுணுத்தாள். மூன்றாவது நாள் தென்றல் தட்டோடு வந்து நின்றாள். “எனக்கும் நாலு மணிக்கே குடுங்கக்கா. எட்டு மணிக்குத் தின்னா தூக்கம்தான் வருது.” அடுத்த வாரம் பன்னிரண்டு பேர். அதற்கடுத்த வாரம் வெங்காய பஜ்ஜிச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை. நாற்பது பேரும் நாலு மணிக்கு வரிசையில் நின்றார்கள். மாத முடிவில் மையத்தின் மொத்தச் சராசரி முப்பது மார்க் ஏறியிருந்தது. கண்ணாயிரம் அதைத் தன் புதுப் பாடத்திட்டத்தின் வெற்றி என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார். சந்திரம்மாள் சமையற்கட்டு ஜன்னல் வழியாக அதைக் கேட்டு, கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான்.

தீக்ஷாவின் சிவப்புக் கோடு அதற்கப்புறம் ஐந்நூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

மே மாதம் உண்மையான தேர்வு மத்தியானம் இரண்டு மணிக்கு இருந்தது. அன்றைக்குப் பதினோரு மணிக்கே சந்திரம்மாள் அவளை உட்கார வைத்து இலை போட்டாள். ஐந்து மணிக்கு வெளியே வந்தவளிடம், வேப்பமரத்தடியில் நின்றிருந்த அப்பா ஒரு மல்லாட்டை உருண்டையை நீட்டினார். அவள் நடந்து வந்த நடையைப் பார்த்ததே போதுமென்று இருந்தது அவருக்கு.

ஜூனில் மார்க் வந்தது. ஐந்நூற்று எண்பத்தாறு. அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் நிச்சயம் என்று கண்ணாயிரமே போன் செய்து சொன்னார். ஊரில் அவர்கள் தெருவில் பட்டாசு வெடிக்கவில்லை, புழு பூச்சி சாகுமென்று அந்தத் தெருவில் யாரும் வெடிப்பதில்லை. அதற்குப் பதிலாக மேளக்காரர்களைக் கூட்டிவந்துவிட்டார்கள். ஊரே வாசலில் நின்றது. குசுமாவதி வந்தவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்து ஓய்ந்து, பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் சாப்பிட வைக்க வேண்டுமென்று அடுக்களைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பார்சுவநாதன் வாய் தவறினார். “அந்த நாலு மணி உப்புமா மட்டும் இல்லைன்னா, இவ இந்நேரம் பாண்டிச்சேரியில பி.எஸ்ஸி சேர்ந்திருப்பா.”

“எந்த உப்புமா?” என்று நின்றாள் குசுமாவதி.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி மறைத்துப் பயனில்லை. தீக்ஷா சொன்னாள். பஜ்ஜி, டீ, எறும்பு ஊர்ந்த எழுத்துகள், எட்டு தோசை, திங்கட்கிழமை மார்க், எல்லாவற்றையும் சொன்னாள்.

“அஞ்சு வாரம் பட்டினி கிடந்துட்டு என்கிட்ட சாப்பிட்டேன்னு சொன்னியா?” குசுமாவதி கரண்டியை ஓங்கினாள். “அடிச்சேன்னா தெரியும்! பசியில புத்தி வேலை செய்யாதுன்னு ஒரு டாக்டருக்குப் படிக்கப் போறவளுக்குத் தெரிய வேணாம்?”

“உனக்குத் தெரியுமாம்மா? நீயும் மாசத்துல நாலு நாள் உபவாசம் இருந்துட்டு வயலுக்குப் போறியே!”

“நான் களை எடுக்கத்தானேடி போறேன். கணக்கா போடப் போறேன்?”

சொல்லிவிட்டுத் திரும்பி இரண்டடி எடுத்து வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஓங்கிய கரண்டி தானாகக் கீழே இறங்கியது. பதினைந்து வயதில் மூடி வைத்த புத்தகத்தை இப்போது திறந்தது போல, அவள் கண் எங்கோ பார்த்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றாள் தீக்ஷா.

குசுமாவதி மெதுவாகத் திரும்பினாள்.

“ஏங்க... பத்தாவதுல கணக்குல ஃபெயிலாகித்தானே நான் படிப்பை நிறுத்தினேன்... அந்தப் பரீட்சை அன்னிக்கு எனக்கு சதுர்த்தசி உபவாசம்!”